ஒரே இடுப்புல ரெண்டு பெல்ட்

ஏப்ரல் 3

அளக்க வந்த மேடத்துக்கு,

பொடிசுன்னு எழுத இன்னைக்குக் கை வரல. உங்க அண்ணன் உன்னை அப்படியே கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கும் அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு. ஆனா இன்னைக்கு நீ மேடம்தான். போன்ல நாலு வார்த்தை கேட்டுடலாம்னு பார்த்தேன். எங்க வீடு ரெண்டே ரூம், உங்க அண்ணன் நாள் பூரா வீட்டுல படுத்திருக்கிறவர், ஊசி விழுந்தாலும் கேட்கும். அதனால சாப்பாட்டு நேரத்துல, துணி எண்ணுற பேப்பருக்குப் பின்னால எழுதிக்கிட்டு இருக்கேன். கை ஈரம். எழுத்து அழிஞ்சிருந்தா நீயே பார்த்துக்கோ. பதிலை வீட்டுக்குப் போடாத, சலவைக்கூடத்துக்கே போடு.

நீ பிப்ரவரியில வந்து எங்க வேலையை அளந்துட்டுப் போனதுக்கு உங்க ஆபீஸ்ல இருந்து வந்த அறிக்கையை நேத்து கை ரேகை வைக்கிற இடத்துக்குப் பக்கத்துல ஒட்டிட்டாங்க. அதுல எங்க பிரிவைப் பத்தி என்ன எழுதியிருக்கேன்னு உனக்கு ஞாபகம் இருக்கா? "இறக்கும் பிரிவு. ஒரு தடவைக்குத் தூக்கும் அதிகபட்ச எடை மூணு கிலோ. மணிக்குப் பன்னெண்டு தடவை குனிதல். வேலைப்பளு: லேசு." படிச்சதும் எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் சிரிப்பு நின்னு போச்சு.

இறக்கும் பிரிவுன்னா என்னன்னு வெளியில இருக்கிறவங்களுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிப் பெட்ஷீட்டெல்லாம் மெஷின்ல சுத்தி முடிஞ்சதும் கயிறு முறுக்கின மாதிரி ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டுக் கிடக்கும். அதுக்குள்ள பாதி உடம்பை விட்டு, ஈரத்தோட இழுத்து, ட்ராலியில போட்டு, ட்ரையர் வரைக்கும் தள்ளணும். ஒரு மெஷின் காலி பண்றதுக்குள்ள அடுத்தது கத்த ஆரம்பிச்சுடும். அதுல மூணு கிலோவாம். என் கையில ஒட்டியிருக்கிற தண்ணியே மூணு கிலோ இருக்கும்.

ஏணியை உனக்குத் தெரியும். அன்னைக்குப் பார்த்தியே, கதவு நிலையில தலை இடிக்கிற உயரம், என்கூட அதே பிரிவு. அவளுக்கு வலது தோள் போச்சு. மார்ச் முதல் வாரத்துல இருந்து கையைக் காதுக்கு மேல தூக்க முடியல. வைத்தியத்துக்கு லீவு, திரும்பி வந்தா உட்கார்ந்து செய்யற வேலை, மெஷினுக்கு ரெண்டு ஆளுன்னு மூணும் கேட்டு எழுதிக் கொடுத்தா. பதில் வந்திருக்கு. வேலைப்பளு லேசு, அதே வேலை செய்யற இன்னொருத்தருக்கு வலியே இல்ல, அதனால இந்த வலிக்கு வேலை காரணம் இல்ல, வீட்டு வேலையோ வயசோ காரணமா இருக்கலாம்னு. ஏப்ரல் முப்பதுக்குள்ள மறுத்து எழுதலன்னா, வேலைக்குத் தகுதி இல்லன்னு பேரை எடுத்துடுவாங்க.

அவளுக்கு முப்பத்தி நாலு வயசு. வயசாம்.

உன் பெட்டியில அஞ்சு பெல்ட் வெச்சிருந்தியே, அது எதை அளந்துச்சு?

அண்ணி

*

ஏப்ரல் 9

அண்ணிக்கு,

மேடம்னு பார்த்ததும் ஒரு நாள் பதில் எழுதக் கூடாதுன்னுதான் இருந்தேன். அப்புறம் மனசு கேட்கல. முட்டை அடுக்குற கூடத்துல ரெண்டு நாள் அளந்துட்டு இப்பதான் ரூமுக்கு வந்தேன். பெட்டியைக்கூடத் திறக்கல.

அண்ணி, நான் மனசுக்குத் தோணினதை எழுதுறவ இல்ல. பெல்ட்டுல இருக்கிற சின்னப் பெட்டி, கட்டினவங்க எத்தனை தடவை குனியறாங்க, எவ்வளவு குனியறாங்கன்னு எண்ணும். நான் பக்கத்துல நின்னு அவங்க தூக்குற பொருளை எல்லாம் தராசுல போடுவேன். அவ்வளவுதான் என் வேலை. ஒரு பிரிவுக்கு ஒரு பெல்ட். இறக்கும் பிரிவுக்கான பெல்ட் பிப்ரவரி பன்னெண்டாம் தேதி உங்க இடுப்புலதான் இருந்துச்சு.

நீங்க மடிக்கிற மேசையில நின்னீங்க. நான் கேட்டேன், "அண்ணி, உங்க வேலை அட்டையில இறக்கும் பிரிவுன்னு போட்டிருக்கே"ன்னு. "அது பேருக்கு, எல்லாம் ஒரே பிரிவுதான்"னு சொன்னீங்க. சூப்பர்வைசரும் தலையாட்டினார். தலையணை உறையை எடை போட்டேன். மூணு கிலோ ஒரு கட்டு. எழுதினேன்.

அப்புறம் அந்தப் படம். மனுஷ உடம்பு முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு வரைஞ்சிருக்குமே. எங்கெங்க வலிக்குதோ அங்க குறி போட்டு, பக்கத்துல சைபர்ல இருந்து பத்துக்குள்ள எவ்வளவுன்னு எழுதணும். ஏணி தோள்ல குறி போட்டு ஏழுன்னு எழுதினாங்க. நீங்க ஒரு புள்ளிகூட வைக்காம கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீங்க. நான் ரெண்டு தடவை கேட்டேன். "எனக்கு என்ன குறை, ராணி மாதிரி இருக்கேன்"னீங்க.

பதில்ல "வலியே இல்லாத இன்னொருத்தர்"னு எழுதியிருக்காங்களே, அது நீங்கதான் அண்ணி.

என் மேல கோபப்படுங்க, பரவாயில்ல. ஆனா என்ன நடந்துச்சுன்னு நீங்க எழுதினாத்தான் மேல என்ன செய்ய முடியும்னு சொல்ல முடியும்.

பொடிசு

*

ஏப்ரல் 13

பொடிசு,

நீ எழுதினதைப் படிச்சுட்டு துணி மாத்துற ரூம்ல திருதிருன்னு முழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். சரி, சொல்லிடறேன்.

குடோன்ல இருந்து உங்க அண்ணனை இனிமே வர வேண்டாம்னு அனுப்பினாங்களே, மூணு வருஷத்துக்கு முன்னால, அன்னைக்கு அவர் தரையில மல்லாந்து படுத்துக்கிட்டு என் கையைப் பிடிச்சு ஒண்ணு கேட்டார். "நீ எங்க வேணா வேலைக்குப் போ. எடை தூக்குற இடத்துக்கு மட்டும் போகாத. இந்த வீட்டுல ஒரு முதுகு போனது போதும்." நான் சரின்னேன். சலவைக்கூடத்துல மடிக்கிற வேலைன்னு சொல்லித்தான் சேர்த்தாங்க. ரெண்டே வாரம். அப்புறம் இறக்குறதுக்கு ஆள் இல்லன்னு அங்க தள்ளிட்டாங்க. வீட்டுல வந்து சொல்ல வாய் வரல. நாளைக்குச் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம்னு இழுத்து இழுத்து மூணு வருஷம் ஓடிப் போச்சு.

அவர் இப்பவும் பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட சொல்லிக்கிட்டிருக்கார், "அவளுக்கு ஃபேன் காத்துல நின்னு மடிக்கிற வேலை"ன்னு. அதைக் கேட்டா நான் ஏதாவது பாத்திரத்தை எடுத்துத் தேய்க்க ஆரம்பிச்சுடுவேன்.

நீ அளக்க வரேன்னு போன் பண்ணினதும் எனக்கு உயிரே போச்சு. நாத்தனார் கண்ணுல பட்டா அண்ணன் காதுக்குப் போக எவ்வளவு நேரமாகும்? ஏணிகிட்ட கேட்டேன், ஒரே ஒரு ஷிஃப்ட்டு நான் மடிக்கிற மேசையில நின்னுக்கறேன், ரெண்டு மெஷினையும் நீ பார்த்துக்கறியான்னு. அவ ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. "போக்கா, போய் உன் நாத்தனார் முன்னாடி மகாராணியா நில்லு"ன்னா. அன்னைக்கு நான் உன்கூடப் பேசிக்கிட்டு தலையணை உறை மடிச்ச எட்டு மணி நேரமும் அவ தனியா ரெண்டு மெஷினையும் இழுத்துக்கிட்டிருந்தா. முன்னாடியே வலிச்ச தோள்தான். ஆனா மறுநாள் காலையில வந்து, "உள்ள ஏதோ பட்டுன்னு விட்டுப்போன மாதிரி இருக்குக்கா"ன்னு சொன்னா. நான் தைலம் தேய்ச்சு விட்டேன்.

படத்துல எதுவும் ஏன் போடலன்னு கேட்கறியே. மடிக்கிறவளுக்கு இடுப்பு எப்படி வலிக்கும்னு நீ அடுத்த கேள்வி கேட்பேன்னுதான்.

எனக்கு உதவி செஞ்சதாலதான் அவ தோள் போச்சு, நான் சொன்ன பொய்யாலதான் அவ வேலை போகப் போகுது. இது எனக்குத் தெரியும், நீ சொல்லித் தரணும்னு இல்ல. அவ இதுவரைக்கும் ஒரு வார்த்தை என்னைக் குத்திப் பேசல.

நீ ஆபீஸ்ல இருக்கிறவ. தப்பாப் பதிஞ்சுடுச்சு, சரியான அளவு இதுன்னு நீயே மாத்தி அனுப்ப முடியாதா? என் பேரு வராம, உங்க அண்ணனுக்குத் தெரியாம. உன்கிட்ட நான் எதுவுமே கேட்டதில்ல. இது ஒண்ணு செய்.

அண்ணி

*

ஏப்ரல் 17

அண்ணிக்கு,

முடியாது. எண்ணை நானே மாத்தி எழுதினா அது அறிக்கை இல்ல, கட்டுக்கதை. அப்படி எழுதினதுன்னு ஒரு நாள் தெரிஞ்சா ஏணிக்கு அப்புறம் எந்தக் கதவும் திறக்காது.

நீங்க உண்மையைச் சொன்ன பிறகு நான் மட்டும் நல்லவ மாதிரி உட்கார்ந்திருக்க முடியல.

அன்னைக்கு உங்க இடுப்புல பெல்ட்டைக் கட்டும்போது என் விரல்ல ஏதோ தட்டுச்சு. துணிக்கு உள்ள இன்னொரு பெல்ட். பட்டையா, முதுகுப் பக்கம் நாலு கம்பி வெச்சது. எது என்னன்னு தெரிய எனக்கு அதைப் பார்க்கவே வேண்டியதில்ல அண்ணி. அண்ணனுக்கு முதுகு போனப்ப என் முதல் சம்பளத்துல நான் வாங்கிக் கொடுத்த பெல்ட் அது. மூணாவது கம்பி கொஞ்சம் வளைஞ்சிருக்கும். விரல்லயே தெரிஞ்சுச்சு.

தலையணை உறை மடிக்கிறவங்களுக்கு அந்த பெல்ட் எதுக்கு? உங்க மடிப்பும் கோணலா இருந்துச்சு. பக்கத்துல இருந்த அம்மா நீங்க மடிச்சதை எல்லாம் பிரிச்சு மறுபடி மடிச்சுக்கிட்டே இருந்தாங்க. உங்க விரல் நுனியெல்லாம் தண்ணியில ஊறி வெளுத்திருந்துச்சு. எனக்கு அன்னைக்கே தெரியும்.

தெரிஞ்சும் ஏன் வாயைத் திறக்கலன்னா, தெரிஞ்சதா ஒத்துக்கிட்டா நான் ஏதாவது செய்யணும். அண்ணன்கிட்ட சொல்லணும். நீங்க வேலையை விடணும். விட்டா அந்த வீடு எப்படி நடக்கும்னு நான் யோசிக்கணும். அந்த வாரத்துல அது மூணாவது ஊர். பஸ்ல ரெண்டு பெட்டியைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சு என் தோளே இறங்கிப் போயிருந்துச்சு. சேலைத் தலைப்பை இழுத்து உங்க பெல்ட்டை மறைச்சுவிட்டு, என் பெல்ட்டோட சுவிட்சைப் போட்டேன். ஜூன்ல என் வேலையை நிரந்தரம் பண்றதா சொல்லியிருந்தாங்க, எந்த வம்பும் வேண்டாம்னு அதுவும் மனசுல இருந்துச்சு. அதையும் மறைக்க விரும்பல.

அதனால தப்பா எழுதினது நீங்க இல்ல, நான். இதை அப்படியே என் அதிகாரிக்கு எழுதிக் கொடுக்கப் போறேன். ஆனா என் தாள் மட்டும் போதாது. பெல்ட் கட்டியிருந்தவங்க சொல்லணும். நீங்க அன்னைக்கு வேற இடத்துல நின்னேன்னு ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போடணும். படத்தையும் உண்மையா நிரப்பணும். வெறும் படம் ஒண்ணு இதோட வெச்சிருக்கேன். முப்பதாம் தேதிக்குள்ள வந்து சேரணும்.

அண்ணனுக்கு எப்படியும் தெரிஞ்சுடும். மறு அளவுன்னு வந்தா வீட்டுக்குக் கடிதம் வரும். அது சொல்றதுக்கு முன்னால நீங்க சொல்றது நல்லது.

பொடிசு

*

ஏப்ரல் 21

பொடிசு,

தெரிஞ்சே விட்டியா. இந்த ஒரு வரியை எழுதிட்டு ரெண்டு நாள் பேப்பரை மடிச்சு வெச்சுட்டேன். உன்னைத் திட்டணும்னு உட்கார்ந்தா என்னையே திட்டிக்கிற மாதிரி இருக்கு. நீ அன்னைக்கு ஒரு வார்த்தை, "என்ன அண்ணி இது"ன்னு கேட்டிருந்தா நான் அங்கயே உடைஞ்சிருப்பேன். கேட்காம விட்டியேன்னு எனக்கு வருத்தமா இருக்கு. கேட்டிருந்தா உன்னை ஜென்மத்துக்கும் மன்னிச்சிருக்க மாட்டேன்கறதும் உண்மை.

படத்தை அலமாரியில துணிக்கு அடியில வெச்சிருக்கேன். தினம் எடுத்துப் பார்க்கறேன், திருப்பி வெச்சுடறேன். முகம் இல்லாத ஆளா வரைஞ்சிருக்காங்க, அதுவே என்னைப் பார்த்து முறைக்கிற மாதிரி இருக்கு.

நேத்து ஏணி வீட்டுக்கு வந்தா. உங்க அண்ணன் டீ போட்டுக் கொடுத்தார். கையில என்னம்மா ஆச்சுன்னு கேட்டார். மாடிப்படியில விழுந்துட்டேன் அண்ணான்னா. வேலையெல்லாம் எப்படின்னார். அவ என்னைக் கையால காட்டி, "நம்ம அக்காவுக்கு என்ன, மேசையில நின்னு மடிக்கிறாங்க, குடுத்து வெச்சவங்க"ன்னா. கண்ணு இமைக்காம சொன்னா. வேலை போக இன்னும் பத்து நாள் இருக்கு, அப்பவும் என் பொய்யைக் கீழ விழாம தாங்கிப் பிடிச்சுக்கிட்டிருக்கா.

கிளம்பும்போது தலைமுடி அவிழ்ந்து போச்சு. ஒரு கையால முடியப் பார்த்தா, முடியல. நான் உள்ள கூட்டிட்டுப் போய்ப் பின்னி விட்டேன். அவ்வளவு உயரமானவ, என் முன்னாடி குழந்தை மாதிரி குனிஞ்சு உட்கார்ந்திருந்தா. "ஒரு மாசமா யாராவது பின்னி விட்டாத்தான் உண்டுக்கா"ன்னா. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.

எனக்கு பயமா இருக்கு. அவர் கத்துவார்னு இல்ல, கத்தினா தேவலாம். அவர் பேசாம சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துடுவார். அதை எப்படித் தாங்கறது?

அண்ணி

*

ஏப்ரல் 23

அண்ணிக்கு,

சுருக்கமா எழுதறேன். என் தாளைக் கொடுத்துட்டேன். அதிகாரி ரெண்டு தடவை படிச்சார். பெல்ட் பெட்டியோட சாவியைக் கேட்டார், கொடுத்துட்டேன். இப்ப ஆபீஸ்ல பழைய அறிக்கைகளைத் தட்டச்சு பண்ணிக்கிட்டிருக்கேன். மூணு வருஷமா ஊர் ஊரா அலைஞ்சவளுக்கு நாற்காலி கொடுத்திருக்காங்க. மத்தியானத்துக்கே கழுத்து பிடிச்சுக்குது. இதையும் யாராவது வந்து அளந்தா நல்லா இருக்கும்.

இன்னும் ஏழு நாள். நான் உங்களை அவசரப்படுத்தல. ஆனா என் தாளை மட்டும் வெச்சு எதுவும் நகராதுன்னு அவர் தெளிவாச் சொல்லிட்டார்.

பொடிசு

*

ஏப்ரல் 26

பொடிசு,

சொல்லிட்டேன்.

இன்னைக்கு எனக்கு லீவு. காலையில அவர் சமையல் மேடையில வெங்காயம் நறுக்கிக்கிட்டிருந்தார். நேரா நிக்க முடியாதுன்னு ஒரு காலைச் சின்னப் பலகை மேல வெச்சுக்கிட்டு நிப்பாரே, அப்படி. நான் பின்னால நின்னுக்கிட்டு, "நான் மடிக்கிற வேலை பார்க்கல, மெஷின்ல இருந்து இறக்குற வேலை"ன்னேன். கத்தி நிக்கல. நறுக்கி முடிச்சுட்டு, "தெரியும்"னார்.

எப்படின்னு கேட்டேன். அலமாரியில இருந்து அந்த பெல்ட்டை எடுத்துக் காட்டினார். "இது எனக்கு எப்பவும் மூணாவது கோட்டுல ஒட்டும். இப்ப முதல் கோட்டுக்கிட்ட, ஒல்லி இடுப்புக்கு இறுக்கிக் கட்டுற இடத்துல, தேஞ்சிருக்கு. படுத்தே கிடக்கிறவனுக்கு இடுப்பு இளைக்குமா?" எப்ப இருந்து தெரியும்னேன். ரெண்டு வருஷமாம். இன்னொண்ணு சொன்னார் பாரு. ஒவ்வொரு லீவு நாள்லயும் நான் கடைக்குப் போற நேரம் பார்த்து அதைத் துவைச்சு, காய வெச்சு, அதே மடிப்புல திருப்பி வெச்சிருக்கார். நான் என்னமோ வேர்வையே ஒட்டாத நல்ல பெல்ட்டு, நாத்தனார் தரமாத்தான் வாங்கியிருக்கான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

ஏன் கேட்கலன்னு எனக்குக் கோபம் வந்துச்சு. நியாயமே இல்லாத கோபம்தான். அவர் சொன்னார், "கேட்டா வேலையை விடுன்னு சொல்லணும். சொல்லிட்டு என்ன பண்றது, ரெண்டு பேரும் சேர்ந்து படுத்துக்கறதா?" அப்புறம் பெல்ட்டை என் கையில கொடுத்தார். "ஆனா நீயா ஒரு நாள் சொல்லுவேன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். மூணு வருஷம் எடுத்துக்கிட்டே"ன்னார். அழுதேன். அவர் அழலன்னு சொல்ல முடியாது, வெங்காயத்து மேல பழியைப் போட்டுட்டார்.

ஏணி விஷயம் முழுக்கச் சொன்னேன். அதுக்குத்தான் முகம் சுருங்கிப் போச்சு. "அந்தப் பொண்ணு என் கையால டீ குடிச்சுட்டு, மாடிப்படியில விழுந்தேன்னு சொல்லிட்டுப் போயிருக்கு"ன்னு அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அப்புறம் அந்தப் படத்தைக் கொண்டான்னார்.

பென்சிலை எடுத்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கல. இடுப்புல ரெண்டு பக்கம், வலது முட்டி, ரெண்டு மணிக்கட்டு, கழுத்தடி, இடது தோள், வலது குதிகால். பக்கத்துலயே எண். இடுப்புக்கு எட்டு, முட்டிக்கு அஞ்சு. எப்படித் தெரியும்னேன். "நீ தரையில இருந்து எந்திரிக்கும்போது எங்க கையை வைக்கிறேன்னு தினம் பார்க்கறேன். எனக்கு வேற என்ன வேலை?" எட்டு குறி. ஒண்ணுகூடத் தப்பல. ஒன்பதாவதா, முதுகுல ரெண்டு தோள்பட்டை எலும்புக்கு நடுவுல இடது பக்கம் ஒண்ணு போட்டு, அதுக்கும் ஏதோ எண் எழுதினார். அங்க எனக்கு ஒண்ணும் இல்லையேன்னேன். "இருக்கும்"னுட்டு எழுந்து போயிட்டார்.

அதுக்கப்புறம் என்கூடப் பேசல. சுவத்துப் பக்கம் திரும்பித்தான் படுத்திருக்கார். நான் பயந்த மாதிரியே. ஆனா தலையணையை எனக்குப் பாதி தள்ளி வெச்சிருக்கார்.

நான் வேற இடத்துல நின்னதைப் பத்தி ஒரு பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டு, இதுல வெச்சிருக்கேன். படமும் இருக்கு. நாளைக்கே அனுப்பறேன். ஏணியைக் காப்பாத்து.

அண்ணி

*

ஏப்ரல் 30

அண்ணிக்கு,

உங்க தாள் வந்துச்சு. கையோட அதிகாரிகிட்ட கொடுத்துட்டேன். ஏணியோட மறுப்பையும் அதோட சேர்த்துப் பதிஞ்சாச்சு. ஏணி பேரை எடுக்கறதை நிறுத்தி வெச்சு, இறக்கும் பிரிவை மறுபடி அளக்கச் சொல்லி உத்தரவு போட்டிருக்காங்க. மே ஆறாம் தேதி. என்னை அனுப்ப மாட்டாங்க. வேற ஒரு அம்மா வருவாங்க. கறாரானவங்க. அட்டையையும் மெஷினையும் சேர்த்து வெச்சுப் பார்த்துட்டுத்தான் பெல்ட்டையே எடுப்பாங்க. அன்னைக்கு அண்ணனோட பெல்ட்டைக் கழட்டி வெச்சுடுங்க. அது உங்களைக் குனிய விடாமப் பிடிச்சுக்கும், எண்ணிக்கை குறையும்.

ஒரு விஷயம். படத்தை அவங்கவங்க கையாலதான் நிரப்பணும். வேற யார் போட்டாலும் செல்லாது. அண்ணன் போட்ட குறியை நான் பார்த்த உடனே கண்டுபிடிச்சுட்டேன், சின்ன வயசுல என் பரீட்சைப் பேப்பர்ல எல்லாம் அதே மாதிரிதான் அழுத்தித் தப்புக் குறி போடுவார். அதை ஆபீஸ்ல கொடுக்கல. உங்களுக்கே திருப்பி அனுப்பறேன். இன்னொரு வெறும் படமும் வெச்சிருக்கேன். அளக்கிற அன்னைக்கு நீங்களே நிரப்பிக் கொடுங்க. அவர் போட்டதைப் பார்த்து எழுதாதீங்க. உங்களுக்கு எங்க வலிக்குதோ அங்க போடுங்க.

ஜூன்ல நிரந்தரம் இல்லன்னு சொல்லிட்டாங்க. ஒரு வருஷம் தள்ளி வெச்சிருக்காங்க. வேலையை விட்டு அனுப்பல, அதுவே பெரிசு. எனக்கு வருத்தம் இல்லன்னு சொன்னா பொய். ஆனா தூக்கம் வருது.

அண்ணன் பேசினாரா?

பொடிசு

*

மே 20

பொடிசு,

பேசினார். மூணாம் நாள், "குழம்புல உப்பு இருக்கா"ன்னு கேட்டார். இருக்குன்னேன். அப்படியே ஆரம்பிச்சுடுச்சு. முழுசா ஆறலன்னு தெரியுது, நடுவுல நடுவுல ஒரு பார்வை பார்ப்பார். பார்க்கட்டும். எனக்கு வேண்டியதுதான்.

அந்த அம்மா வந்தாங்க. நீ சொன்னது கொஞ்சம், சிரிக்கவே தெரியாதவங்க. ஈரப் பெட்ஷீட்டுக் கொத்துல கொக்கி மாட்டி, தராசு வெச்சு இழுக்கச் சொன்னாங்க. முப்பத்தி ஒரு கிலோ காட்டுச்சு. தராசுல ஏதோ கோளாறுன்னு நினைச்சு அவங்களே இழுத்துப் பார்த்தாங்க. அதுக்கப்புறம் கொஞ்சம் மரியாதையாப் பேசினாங்க. ஒரு மணி நேரத்துக்கு இருநூத்திப் பதினாலு தடவை குனியறேனாம். நான் எண்ணினதே இல்ல. எண்ணியிருந்தா அன்னைக்கே ஓடியிருப்பேன். சூப்பர்வைசர் இந்தத் தடவை தலையாட்டல, தரையைப் பார்த்துக்கிட்டிருந்தார்.

ஏணிக்கு வேலைதான் காரணம்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. வைத்தியத்துக்கு லீவு கிடைச்சிருக்கு. தசை கிழிஞ்சிருக்குன்னு டாக்டர் சொல்றார், பழையபடி ஆகுமான்னு சொல்ல முடியாதாம். திரும்பி வந்தா, உட்கார்ந்து துணிக் கட்டுக்குச் சீட்டு ஒட்டுற மேசை அவளுக்கு. அவகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் இருக்கட்டும், இனிமே எனக்கு யாரு தலை பின்னுறது"ன்னா. தினமும் காலையில ஷிஃப்ட்டுக்கு முன்னால அவ வீட்டுக்குப் போய்ப் பின்னி விட்டுட்டு வரேன். எனக்கு ட்ராலி ஒண்ணு புதுசா வந்திருக்கு, துணி குறையக் குறைய அடித்தட்டு தானா மேல வருமாம். ஒரு சக்கரம் இப்பவே மக்கர். மெஷினுக்கு ரெண்டாவது ஆள் அடுத்த மாசம் போடறதா சொல்றாங்க. வந்தா நம்பறேன்.

படத்தை அன்னைக்கு துணி மாத்துற ரூம்ல உட்கார்ந்து நிரப்பினேன். நீ சொன்ன மாதிரி அவர் போட்டதைப் பார்க்கல, வீட்டுலயே வெச்சுட்டுப் போயிட்டேன். என் உடம்பை நானே யோசிச்சு யோசிச்சு எட்டு இடத்துல குறி போட்டேன். கையெழுத்துப் போடப் போகும்போது அந்த ஒன்பதாவது ஞாபகம் வந்துச்சு. ஒண்ணும் இல்லைன்னு தெரியும், இருந்தாலும் ஏணி அன்னைக்கு அவளோட டாக்டர் தாளைக் கொடுக்க வந்திருந்தா, அவகிட்ட இங்க கொஞ்சம் அழுத்திப் பாருன்னேன். அவ நல்லா இருக்கிற இடது கையால கட்டை விரலை வெச்சு அழுத்தினா.

எனக்குக் கண்ணுல தண்ணி கொட்டிடுச்சு. எத்தனை நாளா அங்க இருந்துச்சோ. மத்த வலியெல்லாம் சத்தம் போட்டதுல அது எனக்குக் கேட்கவே இல்ல போல.

ஒன்பதாவது குறியையும் போட்டேன். எவ்வளவுன்னு எழுதற இடத்துல ஆறுன்னு எழுதினேன். வீட்டுக்கு வந்து அவர் தாளை எடுத்துப் பார்த்தேன். அவர் போட்டிருந்ததும் ஆறுதான்.

அண்ணி